மரத்துப் பாலும் மாட்டுப் பாலும்

கடாரம் என்றதும் தமிழ் மாணவர் நினைவில் எழுவது 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் நடத்திய கடற்படையெடுப்பு. ஆயின் இன்றைய கெடாவில் தமிழரின் வாழ்வு வேரூன்றியது வாளால் அன்று; பால்மரம் வெட்டிய கைகளால். அத்தொழிலாளரைப் பற்றி எழுதுவோர் கங்காணியையும் கூலியையும் கூறுவர். லயத்தின் பின்னால் நின்ற மாட்டுக் கொட்டகையைப் பெரும்பாலும் கூறார்.

1909ஆம் ஆண்டுப் பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மை நீங்கிப் பிரிட்டனின் ஆளுகைக்குள் வந்தது. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை கங்காணிகள் தமிழகச் சிற்றூர்களிலிருந்து ஆட்களைக் கொணர்ந்தனர். அவருட் பலர் மாட்டோடு பழகிய உழவர் குடியினர். இந்தியரோடு வந்த மாடுகளின் வழித்தோன்றல்களைக் கால்நடை அறிஞர் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' எனத் தனியே வகைப்படுத்தினர். கெடா-கிளந்தான் மாடு எனப்படும் நாட்டினம் உருவிற் சிறியது, உழவுக்கும் இறைச்சிக்கும் உரியது, கறவைக்கு ஏற்றதன்று.

வைகறையில் பிரட்டு; பின் பால்வெட்டு; பிற்பகலில் புல்லறுப்பு. மரத்துப் பால் நிறுவனத்தைச் சேர்ந்தது. மாட்டுப் பால் வீட்டைச் சேர்ந்தது. குழந்தைகள் குடித்தது போக எஞ்சியது விலையாயிற்று. திருமணத்துக்கோ நோய்க்கோ பணம் வேண்டின் கன்றொன்று விற்கப்பட்டது. நாட்கூலியன்றி வேறொன்றும் இல்லாதவர்க்கு மாடே சேமிப்பு.

அச்சேமிப்பைக் காப்பது எளிதன்று. லாலானையும் களையையும் அழிக்கத் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. 1960களில் பாராகுவாட் பரவியது. ஆர்சனைட் பட்ட புல்லைத் தின்ற மாடு பிழைப்பது அரிது. எந்த நிரையில் என்று தெளித்தனர் என்பதை அறிந்தே புல்லறுக்க வேண்டும். அதனை நன்கறிந்தோர் மருந்துத் தோண்டியைச் சுமந்த பெண்களே. மாட்டை அந்நஞ்சிலிருந்து விலக்கிய அவர்கள், தம் உடலை விலக்க இயலவில்லை. பாராகுவாட்டு மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலேதான்.

ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தபோது, இளங்கன்றின் ஓலையைக் கடிக்கும் என மாடு பல தோட்டங்களில் விலக்கப்பட்டது. வளர்ந்த செம்பனையின் கீழ் மாடு மேய்ந்தால் களையெடுக்கும் செலவு குறையும் என்பதைப் பின்னர் ஆய்வாளரே எடுத்துரைத்தனர். அதற்குள் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நகரத்து வரிசை வீட்டுக்குப் பெயர்ந்தவர் மாட்டைக் கொண்டுபோக இடமின்றி விற்றனர். மாடு அவருடையது, அது மேய்ந்த மண் என்றும் அவருடையதாக இருந்ததில்லை. தலைமுறைகளின் சேமிப்பு அவ்வாறு கைநழுவியது.

தோட்டத்துக் கணக்கேடு ரப்பரின் எடையைச் சொல்லும்; கொட்டகையில் கறந்த பாலைச் சொல்லாது. சினை, ஈற்று, சீம்பால், கிடாரி, செவலை, மயிலை என்னும் சொற்கள் அக்கொட்டகைகளில் நாள்தோறும் வழங்கின. இன்று மாணவர் அவற்றை அகராதியில் தேடுகின்றனர். அச்சொற்களை வாழ்ந்து அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவரிடம் கேட்டு எழுதிவைப்பது தமிழாசிரியரும் மாணவரும் ஆற்றவேண்டிய வரலாற்றுப் பணியாகும்.