பொறி இட்ட கோடு: இலக்கணத் திருத்திகளின் வரலாற்றில் ஓர் ஏடு

அண்மையில் மாணவி ஒருவர் இணையத்தில் எழுதிய தம் கதையை நம்மிடம் காட்டினார். ‘கொல்லன் மன்னனுக்காக அந்த வேலைச் செய்து முடித்தான்’ என்று முதலில் எழுதியிருந்தார். மென்பொருள் ‘வேலைச்’ என்பதன்கீழ்ச் சிவப்புக் கோடிட்டது. அவர் சகர ஒற்றை நீக்கிவிட்டார். கதையிலிருந்த வேல் மறைந்தது. வெறும் வேலை எஞ்சியது. “ஏனம்மா நீக்கினாய்?” என்று வினவினோம். “கணினிக்குத் தெரியாதா, ஐயா?” என்றார்.

கணினிக்கு எது தெரியும் என்பதை அதன் வரலாற்றில்தான் தேட வேண்டும். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ‘ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்’ என்னும் நிரல் தொகுதி உருவாயிற்று. அதில் ஒரு நிரல் வாக்கியங்களின் நீளத்தை அளந்தது. மற்றொன்று மிகைபடக் கூறும் சொற்றொடர்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டியது. வாக்கியத்தின் அமைப்பை முழுமையாகப் பகுத்துக் காணும் முயற்சியை 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வாளர்களான ஜார்ஜ் ஹைடோர்ன், கேரன் ஜென்சன் முதலியோர் மேற்கொண்டனர். அவ்விருவரும் பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் இணைந்தனர். ‘வேர்டு 97’ சொற்செயலியின் பச்சை நெளிகோடு அவ்வழி வந்ததே. பிழையற்ற செயப்பாட்டுவினைத் தொடரையும் ஐயுற்ற அக்கோட்டால் அலைக்கழிந்தோர் பலர்.

நமக்கு அணுக்கமான சான்று சிங்கப்பூரிலேயே உள்ளது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதி, ஆசிரியர்கள் பிழை குறித்த ஏறத்தாழ 1,400 கட்டுரைகள் ஒரு தரவகமாகத் தொகுக்கப்பட்டன. அதனைப் பயிற்சித் தரவாகக் கொண்டு 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் பன்னாட்டு ஆய்வுக் குழுக்கள் தத்தம் திருத்திகளைச் சோதித்தன. 2014இல் 50 புதிய கட்டுரைகளைத் திருத்துநர் இருவர் தனித்தனியே திருத்தினர். முதலிடம் பெற்ற பொறி முன்வைத்த திருத்தங்களுள் அவர்களுடையதோடு பொருந்தியவை 100க்கு 40க்கும் சற்றுக் குறைவு. திருத்த வேண்டியவற்றுள் அது திருத்தியவையோ 100க்கு 30 அளவே. அவ்வாண்டு மதிப்பீட்டு முறையும் மாறியது. பிழையை விட்டுவிடுவதைக் காட்டிலும் பொய்யாகத் திருத்துவதே பெருங்குறை எனக் கொண்டு, துல்லியத்திற்கு இருமடங்கு எடை தந்தனர். ஆசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டிய முடிவு இது என்போம். பின்வந்த செயற்கை நரம்பு வலையமைப்புகள் அவ்வெண்களை வெகுவாக உயர்த்தின. ஆயினும் அவை ஆங்கிலத்திற்குரிய எண்கள்.

தமிழில் சிக்கல் வேறு. வல்லொற்று மிகுவதும் மிகாமையும் எழுத்தை மட்டும் நோக்கி வரையறுக்கப்படவில்லை. வேற்றுமை, அல்வழி எனச் சொற்களின் உறவை முன்வைத்தே நன்னூலார் புணர்ச்சியை வகுத்தார். ‘வேலை செய்தான்’ என்பதில் வேலை என்னும் பெயரோடு உருபு தொக்கு நிற்கிறது, ஒற்று மிகாது. ‘வேலைச் செய்தான்’ என்பதில் வேல் என்னும் பெயரோடு ஐ உருபு விரிந்து நிற்கிறது, ஒற்று மிகும். ஒற்றுக்கு முந்திய எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. ‘பொய் சொல்’ என்பது ஏவல். ‘பொய்ச்சொல்’ என்பது பெயர். எது மிகுதியாக வழங்குகிறது என எண்ணிப் பார்க்கும் பொறி, கொல்லனின் வேலை விட்டு அன்றாட வேலையையே தேர்ந்தெடுக்கும். அதனிடம் இருப்பது வழக்கின் கணக்கு. கதையில் வேல் உண்டு என்பது எழுதியவருக்குத்தான் தெரியும்.

‘வேல்’ என்னும் சொல்லோடு ஐ உருபைச் சேர்த்து உரக்கச் சொல்லுமாறு அம்மாணவியிடம் கூறினோம். இருமுறை சொல்லிப் பார்த்தார். பின்னர் ஒற்றை மீண்டும் இட்டார். கோடும் மீண்டும் வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குச் சென்றார்.