முதல் பாரம்

பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே, காலை பத்தே முக்கால் மணிக்கு வீட்டுக்கு நடையைக் கட்டியவன் நான்.

குற்றம் என்னுடையதல்ல. எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே வாத்தியார்கள். வாத்தியார் எழுந்து போய்விட்டால் அன்றைய பொழுது முடிந்தது என்று அர்த்தம். மணியும் அடித்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். 1951-ஆம் வருஷம் ஜூன் மாதம், மூன்று மைல் தள்ளியிருந்த டவுன் ஹைஸ்கூலில் என்னை முதல் பாரத்தில் சேர்த்தார்கள. பத்து மணிக்கு ஒரு வாத்தியார் வந்தார், முக்கால் மணி நேரம் கணக்குப் போட்டார், மணி அடித்தது, போய்விட்டார். நானும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வெளி வாசலில் பியூன் என் காதைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியபோது, வகுப்பில் வேறொரு வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். ஒருவர் போனால் இன்னொருவர் வருவார் என்ற ரகசியத்தை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாற்பது பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்க ஒரு மாதமாயிற்று.

'முதல் பாரம்' என்றால் இன்றைய வாசகர்களில் பலருக்கு விளங்காது. ஆரம்பப் பள்ளியில் ஐந்து வருஷம் முடித்தவன் முதல் பாரத்தில் நுழைவான். ஆறாம் பாரத்தில் எஸ்.எஸ்.எல்.ஸி. எழுதி வெளியே வருவான். இப்போது அதை ஆறாம் வகுப்பு என்கிறார்கள். பெயர் மாறினாலும் வயிற்றைக் கலக்குவது மாறவில்லை. என் பேரன் ஆறாம் வகுப்பில் சேருவதற்கு முந்தின இரவு, பையை மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டுப் படுத்தான். இந்தப் பயம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பயத்துக்குப் பஞ்சமில்லை. பிரம்பு இருந்தது, சட்டாம்பிள்ளை இருந்தான். ஆனால் வகுப்பு என்ற ஒன்று கிடையாது. அரிச்சுவடி முடித்தவன் அதே திண்ணையில், அதே மணலில், எண்சுவடிக்குப் போவான். விஜயதசமியன்று தொடங்கினால் தொடங்கியதுதான். ஒரு மனிதன் வாழ்நாளில் இரண்டாம் முறை 'பள்ளிக்கூடத்தில் சேருவது' என்பது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. 1835-ல் ஆங்கிலக் கல்வி என்று முடிவாயிற்று. 1841-ல் சென்னையில் அரசாங்க ஹைஸ்கூல் திறந்தார்கள். அதுவே பின்னால் பிரஸிடென்ஸி காலேஜாக வளர்ந்தது. 1854-ல் சார்லஸ் வுட் லண்டனிலிருந்து அனுப்பிய நீண்ட கடிதத்தின்படி, மாகாணத்துக்கு மாகாணம் கல்வி இலாகா ஏற்பட்டது. பள்ளிகளுக்கு மானியம் வந்தது. மானியத்துக்கு யோக்கியமான பள்ளிதானா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். இந்த இன்ஸ்பெக்டர் என்ற ஆசாமியைச் சற்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

பயந்தவர்களின் ஜாபிதாவில் பெரிய பெயர்கள் உண்டு. கணித மேதை ராமானுஜனுக்குச் சிறுவயதில் சென்னையில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் இருந்தபோது பள்ளிக்கூடமே பிடிக்கவில்லை. போகாமல் டிமிக்கி கொடுத்தார். பிள்ளை பள்ளிக்குப் போகிறானா என்று பார்த்துக்கொள்ள வீட்டார் ஒரு போலீஸ் கான்ஸ்டபிளை ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று! பிறகு கும்பகோணம் திரும்பியதும் நிலைமை சீராகி, 1897 நவம்பரில் பிரைமரிப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாகத் தேறினார். மறு ஜனவரியில் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பத்து. கணக்கு அவருக்குப் பயப்பட்டது. அவர் பயப்பட வேண்டியிருந்தது ஆங்கிலத்துக்கு. கடைசியில் அதுதான் காலை வாரிற்று. 1905-ல் கும்பகோணம் காலேஜில் ஆங்கிலத்தில் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தார். துணிக்கடைக் குமாஸ்தாவின் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய இடி என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பையன் ராஜ்கோட்டில் இருந்தான். 1880-ஆம் வருஷக் கடைசியில் காத்தியவார் ஹைஸ்கூலில் சேர்ந்தான். மகா சங்கோசி. மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாகப் போவான். விட்டதும் வீட்டுக்கு ஓடி வருவான். ஓட்டம் என்றால் நிஜமாகவே ஓட்டம். யாராவது பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பிற்காலத்தில் ஒரு சாம்ராஜ்யத்தையே பேச்சுக்கு இழுத்த மோகன்தாஸ் காந்திதான் அந்தப் பையன்.

அவன் சேர்ந்த முதல் வருஷம் இன்ஸ்பெக்டர் வந்தார். பெயர் ஜைல்ஸ். ஐந்து ஆங்கில வார்த்தைகளைச் சொல்லி எழுதச் சொன்னார். அதில் ஒன்று 'கெட்டில்'. வெந்நீர் வைக்கிற பாத்திரம். காந்தி அதற்குத் தப்பாக எழுத்துக் கூட்டினார். வாத்தியார் கவனித்துவிட்டார். பூட்ஸ் நுனியால் பையனைத் தட்டி, பக்கத்துப் பையன் பலகையைப் பார்த்து எழுது என்று ஜாடை காட்டினார். பையனுக்கு அது விளங்கவேயில்லை. பார்த்து எழுதாமல் இருக்கிறோமா என்று கண்காணிக்கத்தானே வாத்தியார் அங்கே நிற்கிறார்! மற்ற எல்லோரும் ஐந்தையும் சரியாக எழுதினார்கள். இவர் ஒருவர்தான் அசடு. பிறகு அந்த அசட்டுத்தனத்தை வாத்தியார் விளக்கிச் சொல்லியும் பிரயோஜனப்படவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் பையனுடைய சத்தியத்தைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் நாவல் எழுதிப் பிழைக்கிறவன் கண் வேறெங்கோ போகிறது. எனக்கு அந்த பூட்ஸைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. நேற்றுவரை பையன்களுக்கு நல்லது கெட்டது சொன்ன மனிதர், ஒரு வார்த்தை பிசகியதற்காக அவ்வளவு தூரம் இறங்குவானேன்? அறையில் இருந்தவர்களிலேயே மிகவும் பயந்துபோயிருந்தவர் அவர்தான். பையனுக்குப் போவது ஒரு வார்த்தை. அவருக்கோ, இன்ஸ்பெக்டர் எழுதப்போகும் குறிப்பு. காந்தி தம் சுயசரிதையில் அவர் பெயரைச் சொல்லவில்லை. அவரிடம் வைத்திருந்த மரியாதையும் குறையவில்லை என்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தை 2017-ல் மூடி, மறு வருஷம் காட்சிசாலையாக்கிவிட்டார்கள். பூட்ஸைக் காட்சிக்கு வைக்க முடியாது.

பெரியவர்களின் பயத்தைப் பற்றி நான் இவ்வளவு நினைப்பதற்குக் காரணம் உண்டு.

என்னைச் சேர்க்கப் போன அன்று, என் தகப்பனார் ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். மேல்துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது. அவர் மிராசுதாரிடம் கணக்கு எழுதுகிறவர், வீட்டில் சிம்மம். அவர் செருமினால் நாங்கள் நாலு பேரும் நாலு மூலைக்கு ஓடுவோம். ஹெட்மாஸ்டர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அப்பா, "எஸ் சார்" என்றார். மறுபடியும் கேட்டார். "எஸ் சார், எஸ் சார்." பக்கத்து மேஜைக் குமாஸ்தா சிரித்துவிட்டு, "எத்தனை பிள்ளைகள்னு கேட்கிறார், ஐயா" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா என் பக்கம் திரும்பாமலே, "நாலு" என்றார்.

வழியெல்லாம் உதையை எதிர்பார்த்துக்கொண்டே நடந்தேன். மூன்று மைலும் அவர் பேசவில்லை. பாதி வழியில் ஒரு பெட்டிக் கடையில் நின்று எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். உதை விழுந்திருந்தால் அந்த நாளை எப்போதோ மறந்திருப்பேன்.

நான் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கிய பிறகு, கச்சேரிக் காகிதமோ வேறு ஆங்கிலக் கடுதாசியோ வந்தால், அப்பா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டி, "கண்ணாடி சரியாக இல்லையடா, நீ வாசி" என்பார். அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரிக்கேன் வெளிச்சத்தில் நடுநிசிவரை மிராசுதார் கணக்கை எழுதிக்கொண்டிருப்பார். வேறு கண்ணாடி வாங்கலாம் என்று நான் ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை.