தரங்கம்பாடியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்?

மழை ஓய்ந்து வெயில் ஏறிய ஒரு தை மாதக் காலையில், மயிலாடுதுறையில் பேருந்து ஏறி நாங்கள் ஏழு பேர் தரங்கம்பாடி போனோம். விடுமுறை நாள் என்பதால் கடற்கரையில் நல்ல கூட்டம். இந்தக் கடற்காற்றில் ஓசோன் அதிகம் என்று சுண்டல் விற்பவர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தோம். கருவாட்டு வாசம்தான் வந்தது.

சுற்றுலா வருபவர்கள் பார்க்கும் இடங்களை நாங்களும் பார்த்தோம். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை. கடல் பாதியைத் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில். ராஜா வீதியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு தேவாலயங்கள். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கின் நினைவுச் சின்னம். தமிழில் முதன்முதலாக அச்சான புத்தகமே இங்கேதான் என்று ஒருவர் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அது சரியல்ல. கொல்லத்தில் 1578லேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிட்டது. அதற்காகக் காகிதம் செய்ய முயன்ற இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நாங்கள் தேடிப்போனது வேறு. 1707 மே 12ஆம் தேதி சீயோன் தேவாலயத்தில் இந்த மிஷனின் முதல் ஞானஸ்நானம் நடந்தது. அன்று ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர் வீடுகளில் இருந்த அடிமைகள். தமிழகத்துப் புராட்டஸ்டன்ட் சபை அடிமைகளிலிருந்து தொடங்கியது. ஆனால், நாங்கள் பார்த்த எந்தப் பலகையிலும் அந்த ஐவர் கண்ணில் படவில்லை.

எதிரே இருப்பது 1718இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் தேவாலயம். சிலுவை வடிவம், கனத்த சுவர்கள், உள்ளே சீகன்பால்கின் கல்லறை. இதற்குள் வேளாளர் முதலான சாதிக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்களுக்கு இன்னொரு பக்கம். ஒரே வேதம், ஒரே பாட்டு, ஒரே கூரை. உட்காரும் இடம் மட்டும் ஒன்றல்ல. பாதிரிகள் இதை அறியாமல் இருக்கவில்லை. அறிந்தே அனுமதித்தார்கள்.

உட்காரும் இடத்தோடு இது நிற்கவில்லை என்பதற்கு இராஜநாயக்கன் சாட்சி. பறையர். தஞ்சை அரசரின் படையில் இருந்தவர். ரோமன் கத்தோலிக்கராக இருந்தவர், தரங்கம்பாடியில் அச்சான வேதத்தை வாசித்து இந்தச் சபைக்கு வந்தார். ஐரோப்பியப் பாதிரிகள் எளிதில் நுழைய முடியாத தஞ்சை நாட்டுக்குள் உபதேசியாராக ஊர் ஊராக நடந்து சபைகளை வளர்த்தார். 1733இல் ஆரோன் என்ற வேளாளர் முதல் இந்தியப் போதகராக அபிஷேகம் பெற்றார். அடுத்த போதகர் யார் என்ற கேள்வி வந்தபோது இராஜநாயக்கனின் பெயர் பேசப்பட்டது. உழைப்பில் குறை சொல்ல யாராலும் முடியவில்லை. ஒரு பறையர் கையால் வேளாளக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்பதுதான் தடையாக இருந்தது. 1741இல் அந்தப் பொறுப்பு தியோகு என்பவருக்குப் போனது. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

நூறு ஆண்டு கழித்தும் நிலைமை மாறவில்லை. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தனித்தனி இருக்கை, தனித்தனியாக நற்கருணைக்கு வருவது, கல்லறையில் தனித்தனி இடம் என்று அவர் எதையெல்லாம் கண்டித்தாரோ, அதெல்லாம் அன்று நடைமுறையில் இருந்தது என்றுதான் பொருள். தஞ்சையில் சாதிக் கிறிஸ்தவர்கள் திரளாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். பிறகு தரங்கம்பாடி மிஷனை ஏற்று நடத்திய லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டவில்லை. வெளியேறியவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கிறிஸ்துவை விட்டாலும் விடுவோம், வரிசையை விடமாட்டோம் என்பதுபோல.

இதையெல்லாம் இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையை எடுத்து மூன்றாவது பத்தியைப் படியுங்கள். இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, மதம் மாறியதும் தீண்டாமை போய்விடுமே என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம். வேதத்தில் சாதி இல்லைதான். தரங்கம்பாடி தேவாலயத்துக்குள் இருந்ததே! ஆணை போடப்படுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, பறையர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்குப் போதகர் அங்கி மறுக்கப்பட்டிருக்கிறது. மிஷன் வரலாற்றிலேயே பதிவாகியிருக்கும் செய்தி இது. நீதிமன்றத்தில் வாதாடுகிறவர்களும், 2022இல் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கு மனு எழுதியவர்களும் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பொறையாறு போகும் பேருந்தில் ஏறினால் போதும்.

மாலையில் தேவாலய வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "ஐயா, இராஜநாயக்கன்னு ஒருத்தர் இருந்தாரே, அவரைப் பத்தி இங்க ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டோம்.

"ஆரோன் ஐயரைத் தெரியும் தம்பி. இந்தப் பேரு கேள்விப்பட்டதில்லையே. யாரு அவரு?"

சொன்னோம். வெயில் தாழும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, பேரை ஒரு தாளில் எழுதித் தரச்சொல்லி வாங்கி, வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.