பேரேடு யார் கையில்?

சுந்தரபாண்டியத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் ஒரு தனியார் கல்லூரியில் பட்டம் முடித்த தங்கை ஒருத்தி எங்களிடம் வந்தாள். உதவித்தொகை வரவில்லை, கட்டணம் பாக்கி, அதனால் சான்றிதழ் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். கல்லூரியைக் கேட்டால் துறையைக் கை காட்டியது. துறை கல்லூரியைக் காட்டியது. விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று சொல்ல ஆளில்லை.

இந்த உதவித்தொகை சும்மா வந்ததல்ல. 1942 அக்டோபரில், வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த அண்ணல் அம்பேத்கர் லின்லித்கோவிடம் மனு கொடுத்தார். பனாரஸுக்கும் அலிகாருக்கும் மானியம் தரும் அரசு பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு என்ன தருகிறது என்பது அவர் வாதம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது.

இப்போது பல்கலைக்கழகங்களைச் சீராக்க பிளாக்செயின் வரும் என்கிறார்கள். தமிழக அரசு 2020இலேயே இதற்கெனக் கொள்கை வெளியிட்டது. 'நம்பிக்கை இணையம்' என்று ஒரு கட்டமைப்பும் உண்டு. விஷயம் எளிது. ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவோடு பூட்டப்படும், பிரதிகள் பல இடங்களில் இருக்கும். ஓரிடத்தில் திருத்தினால் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். போலிச் சான்றிதழைப் பிடிக்க நல்ல வழிதான்.

ஆனால் முதலில் எழுதுவதே பொய்யாக இருந்தால்? அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 தேர்வுகளுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மறுமதிப்பீடு கேட்டார்கள். பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணைக் கூட்டியதாக 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. அந்தக் குற்றச்சாட்டு உண்மையென்றால், பிளாக்செயின் அந்தப் பொய் மதிப்பெண்ணையும் பத்திரமாகப் பூட்டித்தான் வைத்திருக்கும்.

நமக்கு இது புதிதல்ல, தோழர்களே. 1892இல் நம் மக்களுக்கென ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் பிறர் பெயருக்குப் போன காலத்தில், ஊர்க்கணக்கு பரம்பரைக் கர்ணம் கையில் இருந்தது. அந்தப் பதவி ஒழிய 1980 ஆக வேண்டியிருந்தது. பேரேடு காகிதமா கணினியா என்பதைவிட, எழுதுகிற கை யாருடையது என்பதுதான் எங்கள் கேள்வி.

வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மாணவரின் சான்றிதழை மட்டும் ஏன் அதில் ஏற்ற வேண்டும்? விண்ணப்பம் வந்த தேதி, ஒப்புதல் தந்த அதிகாரி, பணம் விடுவித்த நாள், காலியாக இருக்கும் பின்னடைவுப் பணியிடங்கள் எல்லாவற்றையும் ஏற்றட்டும். ஒரு பிரதி மாணவர் பிரதிநிதிகளிடமும் இருக்கட்டும். பிரதிகள் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் அறைகளில் இருந்தால் அதற்குப் பெயர் பழைய பீரோதான்.

ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்த பிறகு தங்கைக்குச் சான்றிதழ் கிடைத்தது. அதற்குள் பி.எட். சேர்க்கை முடிந்துவிட்டது. மொத்த விவகாரத்திலும் தேதியோடு எங்களிடம் இருக்கும் ஒரே தாள், அந்த மனுவுக்கான ரசீது.