சோங் ஒஃப் சிலோன்

சோங் ஒஃப் சிலோன், 1934ஆம் ஆண்டில் பசில் ரைட் இயக்கிய கறுப்பு வெள்ளை ஆவணப்படம். ஓடும் நேரம் ஏறத்தாழ 38 நிமிடங்கள். கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலே இதன் வர்ணனை. இரண்டரை நூற்றாண்டு பழைய அந்த உரைநடையை 1930களின் இலங்கைக் காட்சிகள்மீது ஓடவிட்டு, ஒலிக்கும் படத்துக்கும் இடையே புதிய உறவொன்றை இப்படம் உண்டாக்கியது. பரீட்சார்த்த சினிமா பற்றிப் பேசும்போது இன்றும் இதன் பெயர் வருவது அதனால்தான்.

படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. முதலில் கேட்கப்பட்டவை நான்கு சிறு பயணப் படங்கள். தயாரிப்பாளர் ஜோன் கிரியர்சன். 26 வயதில் இலங்கை வந்த ரைட், உதவியாளர் ஜோன் ரெய்லருடன் படம்பிடித்துத் திரும்பி, நான்கையும் ஒரே படமாகக் கோத்தார். புத்தர், கன்னித்தீவு, வர்த்தகத்தின் குரல்கள், தெய்வத்தின் ஆடை எனப் பொருள்படும் நான்கு பகுதிகள் அப்படி அமைந்தவை.

நொக்ஸின் கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறாகத் தெரியும். 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் அவர் பிடிபட்டார். அவருடன் பிடிபட்ட தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் சிறைக்கூடத்தில் அடைக்கப்படவில்லை, ஊர்களில் தங்கவைக்கப்பட்டார். தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடனுக்குக் கொடுத்தார், கண்டிக்கு அண்மையில் எலதெத்தவில் வீடும் நிலமுமாக வாழ்ந்தார். 1679இல் அருவியாற்றை ஒட்டிக் காடு வழியே நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்தார். நாட்டைவிட்டு வெளியேற முடியாமல், ஆனால் அதன் வயலையும் வழிபாட்டையும் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவரின் சொற்கள் அவை. உல்லாசப் பயணியின் வியப்பு அவற்றில் இல்லை.

அச்சொற்களை வாசித்தவர் லயனல் வென்ட் (1900–1944). கொழும்பைச் சேர்ந்த பியானோக் கலைஞர், வழக்கறிஞர், எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைப்படக் கலைஞர். 1943இல் உருவான ‘43 குழு’ என்ற ஓவியர் அமைப்பின் மூலவர்களில் ஒருவர். ஏற்ற இறக்கம் அதிகமில்லாத நிதானமான குரல் அவருடையது. இலங்கையர் ஒருவர் ஆங்கிலேயக் கைதியின் வாயாகிப் பேசுவது இப்படத்தின் மிக நுட்பமான தேர்வு என்று சொல்ல வேண்டும்.

ஒலித்தடம் இலண்டனில் உருவாக்கப்பட்டது. இசை வோல்ட்டர் லீ. ஒலி மேற்பார்வை அல்பேர்ட்டோ கவல்கான்ரி. முதற்பகுதியில், சிவனொளிபாதமலை யாத்திரிகர்களைத் தொடர்ந்து மணியொன்று ஒலிக்கிறது. பறவைகள் சிறகடித்து எழுகின்றன. மணியின் அதிர்வு ஓயாமல் மலைகளுக்கும் நீருக்கும் புத்தர் சிலைகளுக்கும் மேலாக நீண்டு செல்கிறது. எந்த வர்ணனையும் சொல்லமுடியாததை அந்த ஒரு நாதம் செய்துவிடுகிறது.

கண்டியின் முத்திரை நடனத்தில்தான் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இரண்டாம் பகுதியில் சிறுவர்கள் ஆசிரியரின் தாளத்துக்கு அடிவைத்துப் பழகுகிறார்கள். இறுதிப் பகுதியில் ஆட்டக்காரர்கள் வெஸ் தலையணியும் மார்பு மணிகளும் பூட்டிக்கொண்டு, மேளத்தின் வேகம் ஏறஏறச் சுழல்கிறார்கள். கண்டி நகரை அடுத்த நித்தவெலையைச் சேர்ந்த புகழ்பெற்ற குணாயா இவர்களில் ஒருவர். ஒப்பனையில் தொடங்கி உச்சத்தை எட்டும்வரை ரைட் அவசரப்படாமல் காட்டுகிறார்.

மூன்றாம் பகுதி வேறு உலகம். புகைவண்டி ஓடுகிறது, யானை மரத்தை முட்டிச் சாய்க்கிறது, பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். காதில் விழுவதோ சந்தை விலை, கப்பல் புறப்படும் நேரம், வணிகக் கடித வாசகம். கையின் உழைப்பும் இலாபத்தின் பேச்சும் சந்திக்காமலே போகின்றன. தேயிலை முதலாளிகளின் பணத்தில் இப்படியொரு பகுதி எடுக்கப்பட்டது துணிச்சலானது. ஆயினும் பெரிய குறை ஒன்று உண்டு. 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட பின், அத்தொழிலைச் சுமந்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். படம் அவர்களின் உழைப்பைக் காட்டுகிறது. அவர்களின் மொழியையோ லயத்து வாழ்வையோ காட்டவில்லை. அதன் இலங்கை, பௌத்தக் கிராமத்தின் இலங்கை.

1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் இப்படம் முதற்பரிசு பெற்றது. நாவலாசிரியர் கிரஹாம் கிறீன் விமர்சகராக இதை மிக உயர்வாக மதிப்பிட்டார்.

1985இல், இலங்கையில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழும் லலீன் ஜயமான்ன, ‘எ சோங் ஒஃப் சிலோன்’ என்ற பெயரிலேயே 51 நிமிடப் பரீட்சார்த்தப் படமொன்றை எடுத்தார். பேராதனையில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, பேய் பிடித்த பெண்ணொருத்தியைப் பற்றி எழுதிய ஆய்வே அதன் மூலம். நடிகர்கள் பழைய திரைப்படங்களின் அசையா நிலைகளைத் தம் உடலில் ஏற்று நிற்க, குரல்கள் வேறிடமிருந்து வருகின்றன. ரைட்டின் படத்தின் பெயரை எடுத்து, அவர் ஒதுக்கிய பெண்ணுடலின் வேதனையை நடுவில் வைத்த மறுமொழி அது. கொழுந்து பறித்த பெண்களின் பக்கத்திலிருந்து எழ வேண்டிய மறுமொழியை மலையகத்தின் இளம் படைப்பாளிகள் படைக்க வேண்டும்.