பதினான்கு அங்குலச் சக்கரம்

புங்குடுதீவின் இறுப்பிட்டியில், ஒரு வீட்டுக் கொட்டிலில், கல்லடுக்கின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்த மொறிஸ் மைனர் கார் ஒன்றை அண்மையில் பார்த்தேன். வீட்டுக்காரர் 1950களில் வாங்கிய கார் அது. போர்க்காலத்தைக் குடாநாட்டில் உறவினர் வீட்டில் கழித்துவிட்டு, 2009க்குப் பின்னர் ஊர் திரும்பியது. வாங்கியவர் இன்று இல்லை. வெளிநாட்டில் வாழும் மகன் விடுமுறையில் வந்து அதனை ஓடவைக்க முயன்றுகொண்டிருந்தார். ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு, தாயாரை அதே காரில் குறிகட்டுவான் துறைவரை கொண்டுபோய்விட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

இயந்திரம் இயங்கிவிட்டது. குறுக்கே நின்றது ரயர். கராஜ் ஒன்றில் "பதினான்கு அங்குலம்தானே" என்று சொல்லி 185/70 அளவுள்ள ரயர்களைப் பூட்டியிருக்கிறார்கள். திருப்பத்தில் அவை மட்காட்டின் உட்புறத்தில் உரசின. "அண்ணை, எந்த ரயர் போட்டால் சரிவரும்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கான விடையில் ஒரு சிறிய வரலாறே அடங்கியிருக்கிறது.

மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், அக்காலத்து வழக்கத்துக்கு மாறாக 14 அங்குலச் சிறுசக்கரத்தைத் தேர்ந்தெடுத்தார். அதற்குரிய ரயரின் அளவு 5.00-14. பிற்கால மைனர்களுக்கு 5.20-14 வந்தது. முதல் எண் ரயரின் அகலத்தை அங்குலத்தில் சொல்கிறது. இரண்டாவது எண் றிம்மின் விட்டம். ரயரின் உயரத்தை யாரும் எழுதவில்லை. அக்காலக் குறுக்கிழை ரயர்களில் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமமாக இருந்தமையால், அதனைத் தனியே எழுதவேண்டிய தேவை எழவில்லை.

பிரான்சின் மிஷெலின் நிறுவனம் ரேடியல் ரயருக்கு 1946இல் காப்புரிமை பெற்றது. காலப்போக்கில் அகலம் மில்லிமீற்றருக்கு மாறியது. உயரம் அகலத்தின் நூற்றுவீதமாக எழுதப்படலாயிற்று. றிம்மின் விட்டம் மட்டும் இன்றும் அங்குலத்திலேயே நிற்கிறது. பழைய காருக்குப் புதிய ரயர் தேடுபவர்களின் குழப்பத்துக்கெல்லாம் இந்தக் கலப்பு மொழியே காரணம்.

கணக்கு எளிது. 145/80 R14 என்ற ரயரை எடுத்துக்கொள்வோம். 145 மில்லிமீற்றரில் 80 வீதம் 116. மேலும் கீழுமாக இரண்டு பக்கம், 232. றிம் 14 அங்குலம், அதாவது 355.6 மில்லிமீற்றர். மொத்த விட்டம் 587.6. கராஜில் பூட்டிய 185/70 R14இன் விட்டமோ 614.6. இருபத்தேழு மில்லிமீற்றர் உயரம் கூட. நாற்பது மில்லிமீற்றர் அகலம் கூட. மைனரின் ஒடுங்கிய றிம் அந்த அகலத்துக்குரியதன்று. ரயரின் விளிம்புகள் உள்நோக்கி நெரிபட, பக்கச் சுவர் பிதுங்கும். உரசியதில் வியப்பில்லை.

ஆகவே குறுக்கிழை ரயர் வேண்டுமாயின் 5.20-14, ரேடியல் வேண்டுமாயின் 145/80 R14 அல்லது 155/80 R14. உலகெங்கும் மைனர் வைத்திருப்போர் பின்பற்றும் வழியும் இதுவே. ஆனால் இரண்டையும் கலக்கும்போது எச்சரிக்கை தேவை. ஒரே அச்சில் இரு வகையும் கூடாது. முன்னால் ரேடியலும் பின்னால் குறுக்கிழையும் பூட்டினால், திருப்பத்தில் பின்பகுதி முதலில் பிடியை இழந்து வழுக்கும். இருபுறமும் கடல் கிடக்கும் வேலணைப் பாலத்தில், மழைநாளில் அப்படி வழுக்கினால் என்னவாகும் என்பதைத் தீவகத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தனை பழைய கார்கள் நம்மிடம் எஞ்சியது ஏன்? 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை கார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1977க்குப் பின்னர் சந்தை திறந்து யப்பானியக் கார்கள் வரும்வரை, முந்தைய தசாப்தத்துப் பிரித்தானியக் கார்களைப் பேணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1990இல் மீண்டும் போர் மூண்டதும் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றரி, உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைக்குள் அடங்கின. தாழ்ந்த அழுத்த விகிதம் கொண்ட ஒஸ்ரின், மொறிஸ் இயந்திரங்கள், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. ரயரைப் பொறுத்தவரை அளவு பார்க்கும் வசதி எவருக்கும் இருக்கவில்லை. றிம்மில் ஏறினால் அதுதான் அளவு. வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்து ஓடிய வாடகைக் கார்களில் நானே பயணம் செய்திருக்கிறேன்.

இதில் ஒரு முரண் உண்டு. தென்னமெரிக்க இறப்பர் நாற்றுகள் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து 1876இல் வந்து சேர்ந்தது இலங்கையின் கம்பகாவுக்கு. அந்த 1,900க்கு மேற்பட்ட நாற்றுகளிலிருந்துதான் ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களில் பெரும்பகுதி பரவியது. இறப்பர் விளையும் அதே தீவின் வடக்கில் ஒரு ரயர் கிடைக்கவில்லை. 1990களில் நாட்டின் தெற்கில் மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்து மைனர்களோ கம்பியாலும் தகரத்தாலும் ஒட்டுப்போட்டு ஓடின.

"றிம்மில் ஏறினால் சரி" என்ற பழக்கம் அந்த ஆண்டுகளில் நமக்குப் பழகிப்போனது. அன்று அது பிழைப்பதற்கான வழி. இன்று அது வெறும் அசட்டை.

நண்பருக்கு இன்னும் இரண்டு விடயங்களைச் சொன்னேன். ஒன்று, ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்க எண்ணைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2000க்குப் பின்னர் வந்த ரயர்களில் இது வழக்கம். தேயாமலே கிடந்த ரயரும் வெயிலிலும் காற்றிலும் வெடிப்பு விடும். மற்றது, துருப்பிடித்த பழைய றிம்முக்கு ரியூப் போடுவதே பாதுகாப்பு.

அவர் 145 அளவில் நான்கை வாங்கிப் பூட்டினார். திருப்பத்தில் உரசல் இல்லை. ஒழுங்கையில் ஒரு தரம் ஓட்டிக் காட்டியபோது, திண்ணையில் இருந்த தாயார் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் முன்கதவைத் திறந்து, இடப்பக்க ஆசனத்தில் அமர்ந்துகொண்டார். திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.