கண்ணாடி தேய்த்த கை

ஓய்வு கிடைத்தால் உள்ளத்தைக் கவனிக்கலாம் என்பது, உத்தியோகம் பார்த்துப் பிழைக்கும் நம்மவர் வாயில் ஓயாது வழங்கும் ஒரு சமாதானம். பாட்டெழுத விரும்புவோன், சித்திரம் வரைய விரும்புவோன், நான் யார், எதற்காகப் பிறந்தேன் என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ள விரும்புவோன் ஆகிய எல்லோரும் அந்த நல்வேலையைப் பென்ஷன் வாங்கும் நாளுக்கு ஒத்திவைத்து விடுகின்றனர். நாமும் இந்தச் சமாதானத்தை வெகுகாலம் நமக்கே சொல்லிக்கொண்டவர்தாம். விடியுமுன் பெரட்டு, பிறகு ஆள் கணக்கு, அதன் பிறகு பால் நிறுவை, மாதக் கடைசியிற் சம்பளப் பட்டியல் என்று நாள் கழியும் தோட்டத்துக் கிராணிக்கு ஆத்ம விசாரணை எங்கிருந்து வரும் என்று கேட்டால், கேட்போரும் ஆமாம் என்று தலையசைப்பர்.

இச்சமாதானம் எவ்வளவு தூரம் உண்மை என்று உரைத்துப் பார்ப்பதற்கு, 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து தேசத்தில் கண்ணாடி வில்லை தேய்த்து வாழ்ந்த ஒருவருடைய சரித்திரம் நமக்குத் துணை செய்தது. பாரூக் ஸ்பினோஸா என்பது அவர் பெயர். ஆங்கிலப் பள்ளியில் ஆண்டுக்கணக்காக அரசர்களின் பெயர்களையும் யுத்தங்களின் வருஷங்களையும் நெட்டுருப் போட்டோமேயன்றி, இந்தப் பெயரை அங்கே ஒருவர் வாயிலும் கேட்டோமில்லை. பின்னாளில் பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டுங்கால் தற்செயலாய்க் கண்டதே இது.

ஸ்பினோஸா 1632-ஆம் வருஷம் நவம்பர் 24-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் நகரிற் பிறந்தார். அவருடைய முன்னோர் போர்ச்சுக்கல் நாட்டு யூதர். கத்தோலிக்க மத விசாரணை மன்றத்தின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறி, ஒல்லாந்திற் புகலடைந்தவர். தந்தை வியாபாரி. அவர் 1654-இல் இறக்கவே, மகன் தன் தம்பியோடு கூடிக் கடையை நடத்தி வந்தார். அக்காலத்திலேயே வேத நூல்களின் வரலாற்றைப் பற்றியும், கடவுள் என்னும் சொல்லின் பொருளைப் பற்றியும் அவர் கேட்ட கேள்விகள் பெரியோர் காதுக்கு எட்டியிருத்தல் வேண்டும். 1656-ஆம் வருஷம் ஜூலை 27-ஆம் தேதி யூத சபையார் அவரைச் சாபமிட்டு விலக்கினர். அவருக்கு அப்போது வயது 23. ஒருவரும் அவரோடு பேசலாகாது, ஒரே கூரையின் கீழ்த் தங்கலாகாது, நான்கு முழத்திற்குள் அணுகலாகாது, அவர் எழுதியதைப் படிக்கலாகாது என்பது கட்டளை. ஊர்விலக்கு, சாதிக்கட்டு என்ற சொற்களின் கனத்தைத் தம் பாட்டன்மார் வாயாற் கேட்டறிந்த நம் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தானே பிறர் கொடுமைக்குத் தப்பி வந்த ஒரு கூட்டம், தன்னுள் ஒருவனை இவ்வாறு செய்தது என்பதை மட்டும் குறித்து வைப்போம்.

உறவு போயிற்று, கடையும் போயிற்று. ஆம்ஸ்டர்டாமை விட்டு, 1661 அளவில் லெய்டன் நகருக்கு அருகேயுள்ள ரைன்ஸ்பர்க் என்னும் கிராமத்திலும், 1663 முதல் வோர்பர்க் என்னும் ஊரிலும், 1670-க்குள் ஹேக் நகரிலும் வாடகை அறைகளில் அவர் வாழ்ந்தார். சென்ற இடமெல்லாம் கூடச் சென்றது கண்ணாடி தேய்க்கும் கருவிகளே.

அத்தொழிலைச் சற்று அருகிருந்து பார்த்தல் நலம். கண்ணாடித் துண்டொன்றைக் கீல் கொண்டு ஒரு கைப்பிடியில் ஒட்டுவர். வேண்டிய வளைவுக்குத் தக்கபடி குழிவாய்ச் செய்த உலோகத் தட்டில் மணலும் நீரும் இட்டு, அக்கண்ணாடியை அதில் வைத்துச் சுழற்றிச் சுழற்றித் தேய்ப்பர். முதலிற் பருமணல், பிறகு அதனினும் நுண்ணிய பொடி, முடிவில் மெருகு. வளைவு ஓரிடத்திற் சற்றே பிசகினாலும், ஒரு கீறல் நின்றாலும், அதன் வழியே பார்க்கும் பொருள் கலங்கித் தோன்றும். மணிக்கணக்காகச் செய்த வேலை வீண். இதில் அவசரத்திற்கு இடமேயில்லை.

இதனைப் படித்தபோது நம் மனக்கண்ணில் வந்து நின்றவர், நம் தோட்டத்தில் மாலை வேளைகளில் லயத்து வாசலில் அமர்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர். எதற்கு இத்தனை நேரம் என்று நாம் ஒருநாட் கேட்டதற்கு, "பட்டையைத் தாண்டிக் கத்தி உள்ளே போச்சுன்னா மரத்துக்குக் காயம் ஐயா, அந்தக் காயம் ஆறினாலும் முண்டு விட்டுப் போகும்" என்றார். மரத்தின் உயிர்ப்படலத்திற்கும் கத்தி முனைக்கும் நடுவே நூலிழைத் தூரமே உண்டு; அத்தூரத்தை இருட்டிலும் அவர் கை அறியும். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆயினும் கவனம் என்றால் என்ன என்பதை எமக்கு முதலிற் காட்டியவர் அவர் என்றே சொல்ல வேண்டும்.

நிற்க. ஸ்பினோஸாவுக்குச் சமீபத்தில் அக்காலத்துப் பெரும் விஞ்ஞானி கிறிஸ்தியான் ஹைகன்ஸ் வசித்தார். சனி என்னும் கிரகத்தைச் சுற்றியுள்ளது ஒரு வளையமே என்று கண்டு சொன்னவர் இவர்தாம். செல்வரான ஹைகன்ஸ் வில்லை தேய்ப்பதற்கு ஒரு யந்திரம் அமைத்தார். ஸ்பினோஸாவோ, 1665-இல் லண்டன் நண்பர் ஒல்டன்பர்க்குக்கு எழுதிய கடிதத்தில், உருண்டை வளைவுத் தட்டுகளில் மெருகிடுவதற்கு எந்த யந்திரத்தைக் காட்டிலும் கட்டற்ற கையே நன்றாகச் செய்கிறது என்பதைத் தாம் அனுபவத்திற் கண்டதாகத் தெரிவித்தார். ஹைகன்ஸும், தம் சகோதரருக்கு எழுதிய கடிதங்களில், வோர்பர்க் யூதரின் வில்லைகளுடைய மெருகு வியக்கத்தக்கது என்று ஒப்புக்கொண்டார். பெயர் சொல்லாமல் யூதர் என்று குறித்தது அக்காலத்துப் பெரிய மனிதர் வழக்கம். இக்காலத்தும் அது முற்றும் ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை.

கட்டற்ற கை என்ற அச்சொல்லே அவர் வாழ்க்கை முழுவதற்கும் திறவுகோல் என்பது நம் துணிபு. பகலிற் கை செய்த வேலையை இரவில் அறிவு செய்தது. எத்திக்கா என்னும் அவருடைய பெருநூல் 1660-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி 1675-இல் முற்றுப்பெற்றது. க்ஷேத்திர கணிதத்தில் யூக்ளிட் செய்ததுபோல், முதலிற் சொற்களுக்கு இலக்கணம், பிறகு எல்லாரும் ஒப்பும் உண்மைகள், பிறகு ஒன்றன் மேல் ஒன்றாய் நிறுவப்பட்ட முடிவுகள் என்ற முறையில் அது அமைந்தது. கடவுளும் இயற்கையும் இரண்டல்ல என்பது அதன் அடிப்படை. இதனைக் கேட்டுச் சிலர் அவரை நாஸ்திகர் என்றனர். பின்வந்த வேறு சிலர் கடவுள் வெறியர் என்றனர். இரு கட்சியாருக்கும் அவர் கைக்கு அகப்படவில்லை.

தன்னை அறிதல் என்பதற்கு அவர் காட்டிய வழி காட்டுக்கோ மடத்துக்கோ செல்வதன்று. கோபம், பொறாமை, அச்சம், ஆசை முதலியவற்றை நிந்தியாமலும் நகையாமலும், கோடுகளையும் தளங்களையும் ஆராய்வது போல் ஆராய வேண்டும் என்றார். நூலின் மூன்றாம் பகுதியின் முடிவில் 48 உணர்ச்சிகளுக்கு ஒவ்வொன்றாக இலக்கணம் வகுத்திருக்கிறார். நம்மை ஆட்டுவிக்கும் ஓர் உணர்ச்சியை நாம் தெளிவாக அறிந்துகொண்ட அளவிற்கு, அது நம்மை ஆட்டுவிப்பதை விட்டுவிடும் என்பது அவர் கொள்கை. கலங்கிய கண்ணாடியைத் தேய்த்துத் தெளிவாக்கும் தொழிலை அறிந்தவர்க்கே இவ்வழி எளிதிற் புலப்பட்டிருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அவர் அப்படி எங்கும் எழுதவில்லை. இது நம் கற்பனையே.

இக்கொள்கையை நாம் ஒரு முறை பரீட்சித்தும் பார்த்தோம். ஒரு மாதம் சம்பளப் பட்டியலில் ஒரு வரி தவறிப்போயிற்று. மேலதிகாரி ஒருவர், ஆட்கள் கூடியிருந்த இடத்தில் வைத்து நம்மைக் கடிந்து பேசினார். அன்றிரவு உறக்கமில்லை, மனத்துக்குள்ளே நூறு பதில்கள். விளக்கை ஏற்றி, இந்தக் கோபம் எதனால் ஆனது என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினோம். தவறு நம்முடையதே என்ற வெட்கம் ஒரு பங்கு. ஆட்கள் இனி நம்மை மதியார் என்ற பயம் ஒரு பங்கு. அவர்களையே நாம் அதே தொனியில் எத்தனை முறை பேசியிருக்கிறோம் என்ற உறுத்தல் ஒரு பங்கு. மேலதிகாரியின் மேலுள்ள கோபம் என்று எஞ்சியது மிகக் குறைவு. கோபம் அடியோடு ஒழிந்தது என்றால் அது பொய். ஆயினும் மறுநாட் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நம் குரல் முன்போல் இல்லை என்பதை நாமே கேட்டோம். அலுவலகப் பேரேட்டைத் தவிர வேறொன்றும் எழுதியறியாத நாம், எழுதுவோமென்று துணிந்ததும் அந்தத் தாளிலிருந்துதான்.

ஸ்பினோஸாவைத் துறவி என்று எண்ணிவிடலாகாது. அவருடைய வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகளிற் பெரும்பாலானவை கொலேரஸ் என்னும் லூத்தரன் பாதிரியார் 1705-இல் வெளியிட்ட சரித்திரத்தில் உள்ளவை. பாதிரியாருக்கு அவருடைய கொள்கைகள் கொடிய விஷம். எனினும் ஹேக் நகரில் அவர் குடியிருந்த வீட்டாரையும் அக்கம் பக்கத்தாரையும் விசாரித்து, கண்டதைக் கண்டபடி எழுதினார். ஸ்பினோஸா வேலை முடிந்து கீழே இறங்கி வந்து வீட்டாரோடு சிறு விஷயங்களைப் பேசுவார், சுங்கான் புகைப்பார், சிலந்திகளைச் சண்டையிட விட்டுப் பார்த்துச் சிரிப்பார். மையாலும் கரியாலும் உருவப்படம் வரையத் தாமே பழகிக்கொண்டார். வந்துபோகும் நண்பர்களின் முகங்களை ஒரு புத்தகம் நிறைய வரைந்து வைத்திருந்தார். அதில் ஒன்று, வலையைத் தோளிலிட்ட மீனவன் கோலத்தில் அவரையே ஒத்திருந்ததாம். வீட்டுக்காரி, தன் மதத்தில் இருந்தால் கடைத்தேற முடியுமா என்று கேட்டபோது, அமைதியும் பக்தியும் உள்ள வாழ்வை நடத்தினால் அம்மதமே போதும், வேறொன்றைத் தேட வேண்டாம் என்றாராம். வாதத்தில் வெல்வதற்கு எத்தகைய வாய்ப்பு! அதனை அவர் நழுவவிட்டதை நாம் மிகவும் மதிக்கிறோம்.

கணக்கெழுதுபவராகிய நமக்கு மற்றொரு செய்தி இனிக்கின்றது. அவர் இறந்த பின் கிடைத்த தாள்களில் அன்றாடச் செலவுக் குறிப்புகள் இருந்தன: ஒரு நாள் முழுவதும் வெண்ணெயிட்ட பாற்கஞ்சியும் ஒரு குவளை பீரும், மற்றொரு நாள் உலர்ந்த திராட்சையிட்ட கூழ். மூன்று மாதத்திற்கொருமுறை கணக்கைச் சரிபார்த்து, தன் வாலைத் தானே வாயிற் கவ்விய பாம்பைப் போன்றவன் நான், வருஷ முடிவில் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று நகைப்பாராம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையன்று. வில்லை தேய்த்த கூலியால் மட்டுமே அவர் வாழ்ந்தார் என்று சிலர் கதை கட்டுகின்றனர். சைமன் டி விரீஸ் என்னும் நண்பர் தம் மரணத்திற்குப் பின் ஆண்டுதோறும் 500 கில்டர் அவருக்குக் கிடைக்க ஏற்பாடு செய்தார். அவர் 300 போதுமென்று குறைத்துக்கொண்டார். மனைவி மக்கள் இல்லை. பெரட்டு மணியும் இல்லை. ஆறு குழந்தைகளை லயத்தில் விட்டு விடியுமுன் மரத்துக்குப் போகும் ஒரு பெண்மணியிடம் போய், ஸ்பினோஸாவைப் பாரம்மா என்று உபதேசிப்பவன் மூடன். அவளுக்கு முதலில் வேண்டியது நியாயமான கூலியும் ஓய்வு நேரமும். ஆனால் நம்மைப் போன்ற மேசை உத்தியோகஸ்தர் அவளுடைய நியாயத்தைக் கடன் வாங்கிக்கொண்டு, நேரமில்லை என்று முனகுவதுதான் நமக்குப் பொறுக்கவில்லை.

1673-இல் ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் தத்துவப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. சிந்திக்க முழுச் சுதந்தரம் உண்டு. ஆனால் நாட்டில் நிலைபெற்ற மதத்தைக் கலக்குவதற்கு அதனை அவர் பயன்படுத்தமாட்டார் என்று அரசர் நம்புகிறார் என்று கடிதம் கூறிற்று. நமக்கு அத்தகைய கடிதம் வந்திருந்தால் அன்று மாலையே பெட்டி கட்டியிருப்போம். அவர் மார்ச்சு 30-ஆம் தேதி மறுத்தெழுதினார். இளைஞருக்குப் போதிக்கப் புகுந்தால் தம் ஆராய்ச்சி நின்றுவிடும் என்பது ஒன்று. அந்தச் சுதந்தரத்தின் எல்லை எதுவென்று தமக்குத் தெரியவில்லை என்பது மற்றொன்று. தட்டையும் மணலையும் தொட்ட கைக்கு எஜமானன் இல்லை. பேராசிரியர் நாவுக்கு ஒருவன் உண்டு.

நாட்டு நடப்பிலும் அவர் ஒதுங்கி நின்றாரில்லை. வேத ஆராய்ச்சியையும் கருத்துரிமையையும் பற்றிய அவர் நூல் 1670-இல் ஆசிரியர் பெயரின்றி, அச்சிட்ட ஊரின் பெயரையும் பொய்யாய்ப் போட்டு வெளிவந்தது. 1674-இல் தடை செய்யப்பட்டது. 1672 ஆகஸ்டு 20-இல் ஹேக் நகரத்து ஜனக்கும்பல் ஒன்று குடியரசுத் தலைவர்களாகிய டி விட் சகோதரரை அடித்துக் கொன்றபோது, கொடியவரிற் கொடியவரே என்ற கருத்துடைய சுவரொட்டி ஒன்றை எழுதி, கொலை நடந்த இடத்தில் ஒட்டப் புறப்பட்டார். வீட்டுக்காரர் கதவைப் பூட்டி அவரைக் காப்பாற்றினார். உணர்ச்சிகளுக்கு இலக்கணம் வகுத்தவருக்கும் அன்று கோபம் கோபமாகவே வந்தது.

1677 பிப்ரவரி 21-ஆம் தேதி, 44-ஆம் வயதில், நெடுநாளைய மார்பு நோயால் அவர் இறந்தார். கண்ணாடித் தூள் அந்நோயை வளர்த்திருக்கக் கூடும் என்பர். நூல்களும் கருவிகளும் ஏலத்திற்குப் போயின. முன்பே அவர் சொல்லி வைத்தபடி, தாள்கள் அடங்கிய எழுத்து மேசையை வீட்டுக்காரர் ஆம்ஸ்டர்டாமிலிருந்த பதிப்பாளருக்கு அனுப்பினார். அவ்வாண்டு முடிவதற்குள் எத்திக்கா அச்சேறியது. ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்றெழுத்துகள் மட்டுமே இருந்தன. மறு ஆண்டே அதற்கும் தடை வந்தது. நண்பர் ஒருவர் கையாற் பிரதி செய்த ஏடொன்று, அச்சு வருமுன்னரே ரோமாபுரியில் மத விசாரணையாளரிடம் குற்றச்சாட்டுக்குச் சான்றாக ஒப்படைக்கப்பட்டிருந்தது. அஃது இன்னதென்று 2010-ஆம் ஆண்டில் வத்திக்கான் நூலகத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் கண்டுகொண்டார். எத்திக்காவின் கையெழுத்துப் பிரதியென்று இன்று உலகில் எஞ்சியிருப்பது, அதனை அழிக்க விரும்பினோர் பத்திரமாகப் பூட்டி வைத்த அந்த ஒன்றேதான்.